திரைக்கு மட்டும் போன வரி

"இனி, கட்டளைத் திரையில் தோன்றும் பிழைச் செய்திகள் யாவும் ஒரே வடிவில் அமைதல் வேண்டும். நிரலின் பெயர், பாகத்தின் எண், நிலை, செய்யவேண்டியது, பிழை எண் என்னும் வரிசை மாறக்கூடாது. இதற்கு முன் வழக்கிலிருந்த செய்திகள் அனைத்தும் நீக்கப்படுகின்றன."

2004 ஆகஸ்டில் எங்கள் கணினிப் பிரிவு வெளியிட்ட சுற்றறிக்கையின் இரண்டாம் பத்தி இது. மூலம் ஆங்கிலம், தமிழ் என்னுடையது. கையெழுத்து, பிரிவின் மேலாளர் வரதன் அவர்களுடையது. தட்டச்சு செய்தது நான்.

அந்தப் பிரிவில் இப்போது வேலை பார்க்கும் சுகன்யா என்ற பெண் போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டாள். புதிய மென்பொருள் வருகிறதாம். பழைய பிழைச் செய்திகளை அப்படியே புதியதில் ஏற்றச் சொல்லியிருக்கிறார்களாம். "சார், எல்லா மெசேஜும் ஒரே மாதிரி இருக்கே, எதுக்கு அப்படி வெச்சாங்க? உங்களைக் கேட்டா தெரியும்னாங்க" என்றாள். தெரியும் என்றேன். எழுதித் தருகிறேன் என்றும் சொன்னேன். நான் எழுதப்போவது அவள் எதிர்பார்த்தது அல்ல என்பதை அப்போது சொல்லவில்லை.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. சொந்த ஊர் காவேரிப்பட்டினம். பட்டயப் படிப்பு முடித்து, எண்பதுகளின் கடைசியில் ஓசூர் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில் தரவு உள்ளிடும் வேலைக்குச் சேர்ந்தேன். கனரக வண்டிகளுக்குக் கியர்ப்பெட்டிக் கூடு கடையும் ஆலை. பெயர் வேண்டாம். முதல் சில ஆண்டுகள் வருகைப் பதிவும் சரக்கு இருப்பும் தட்டியதில் போயின. பிறகு நிரல் எழுதக் கற்றுக்கொண்டேன். தொண்ணூறுகளின் நடுவில் கணினியால் இயங்கும் கடைசல் இயந்திரங்கள் வந்து இறங்கியபோது, அவற்றுக்கும் எங்கள் அறைக்கும் நடுவிலான ஆளாக ஆனேன். ஓய்வு பெறும்வரை அதே வேலைதான்.

அந்த இயந்திரங்கள் எப்படி வேலை செய்யும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு கூட்டை எப்படிக் கடைய வேண்டும் என்பது சில நூறு வரிகளாக எழுதப்பட்டு எங்கள் கணினியில் இருக்கும். இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கணினித் திரை. ஆபரேட்டர் அதில் "அனுப்பு" என்ற கட்டளையையும் பாகத்தின் எண்ணையும் தட்டினால், வரிகள் கேபிள் வழியாக இயந்திரத்துக்குள் போகும். போய்ச் சேர்ந்த வரிகளை நிரல் திருப்பி வாங்கி, அனுப்பியதோடு ஒப்பிட்டுப் பார்க்கும். கேபிளில் கோளாறு என்றால் நடுவில் ஒன்றிரண்டு வரிகள் விழுந்துவிடும். வெட்டும் கருவியை மேலே தூக்கச் சொல்லும் வரி விழுந்துபோனால் அது தூக்காமலே பக்கவாட்டில் நகரும். எதிரில் இருப்பது இரும்பு. பிறகு நடப்பதை நான் விளக்க வேண்டாம்.

இந்த "அனுப்பு" நிரலை வெவ்வேறு காலத்தில் மூன்று பேர் எழுதியிருந்தார்கள். மூவரும் பிழைச் செய்திகளைத் தத்தம் சுபாவப்படி எழுதிவைத்தார்கள். முதலாமவர் திருச்சிக்காரர், ஒரே சொல்லில் முடித்துக்கொள்வார். இரண்டாமவர் மங்களூர்க்காரர், மன்னிப்புக் கேட்பதில் தொடங்கி நான்கு வரி எழுதுவார். மூன்றாவது, ஆனேக்கல்லிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோன ஒரு பையன். ஒப்பிட்டுப் பார்த்ததில் வரி குறைந்தால் திரையில் என்ன காட்டுவது என்று அவன் யோசித்திருக்கவே மாட்டான். ஆங்கில எழுத்தில் "ஹோய்த்து" என்று போட்டுவிட்டான். கன்னடத்தில் "போச்சு." தன் சோதனைக்காகப் போட்டது, எடுக்க மறந்துவிட்டான். பிறகு பெங்களூரில் வேறு வேலை கிடைத்துப் போயும் விட்டான்.

அந்தச் சொல் ஆலையின் சொல்லாகவே ஆகிவிட்டது. எங்கள் ஆபரேட்டர்களில் பாதிப்பேருக்கு வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், வேலையில் தமிழ். திரையில் இருந்ததோ ஆங்கிலம். அதை யாரும் எழுத்துக்கூட்டிப் படித்ததில்லை. உருவத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள். மங்களூர்க்காரரின் நான்கு வரிக்குக் "கல்யாணப் பத்திரிகை" என்று பெயர். அதில் ஆபத்து எதுவும் இல்லை.

"ஜாபர் பாய், கல்யாணப் பத்திரிகை வந்துகிது."

"மொய் எழுதிட்டு எண்டர் தட்டு. சாப்பாட்டுக்கு நாழியாவுது."

ஜாபர் அங்கே மூத்த ஆபரேட்டர். ஓசூரிலேயே பிறந்தவர். அவர் விளையாடாத ஒரே இடம் "ஹோய்த்து." அந்தச் சொல் எந்தத் திரையில் வந்தாலும் எங்கிருந்தாவது அவர் குரல் வரும்: "கைய எடு! மொதல்ல கைய எடு!" புதிதாக வருகிறவனுக்கு அவர் கற்றுத்தரும் முதல் பாடமும் அதுதான். ஆறு எழுத்துக்கும் குறைவாக, திரையில் தனியாக ஒரு சொல் நின்றால் இயந்திரத்தைத் தொடாதே. எனக்குத் தெரிந்து அந்தக் காலத்தில் வரி விழுந்து ஓர் இயந்திரமும் மோதியதில்லை.

2004 தொடக்கத்தில், கூடுகளை வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்திலிருந்து தணிக்கைக்கு ஆள் வந்தார்கள். வரதன் அவர்களை அழைத்துக்கொண்டு போனபோது ஒரு திரையில் அந்தச் சொல் நின்றது. வந்தவர்களில் ஒருவர் விரலால் காட்டி இது என்ன என்று கேட்டார். வரதன் சென்னையிலிருந்து வந்து ஓராண்டுகூட ஆகவில்லை, அவருக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் ஜாபர் கையைத் துடைத்தபடி ஆங்கிலத்திலேயே சொன்னார்: "சார், இட் மீன்ஸ், கான்."

வெளிநாட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். வரதன் சிரிக்கவில்லை.

வரதனைப் பற்றி நியாயமாக எழுத வேண்டும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தேநீர் கொண்டுவருகிறவரையும் "சார்" என்றுதான் கூப்பிடுவார். வேலை தெரிந்தவர், என்னைவிட அதிகம் தெரிந்தவர். எதையாவது படிப்பதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பார், பென்சிலை எடுப்பார், ஒருமுறை மனதுக்குள்ளும் ஒருமுறை வாய்விட்டும் படிப்பார். பிறகு அடிக்கத் தொடங்குவார். அடித்துவிட்டு அந்த இடத்தை விரலால் தடவிப் பார்ப்பார்.

பிழைச் செய்திகளின் பட்டியலை நான்தான் தயாரித்தேன். நிரலை மாற்றி எழுதும் வேலை பெங்களூரில் ஓர் ஒப்பந்த நிறுவனத்துக்குப் போயிற்று. எந்தெந்தச் சமயத்தில் என்ன தவறு நேரலாம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்து, எண் கொடுத்து, ஆபரேட்டர் என்ன செய்ய வேண்டும் என்பதையும் எழுதியிருந்தேன். "ஹோய்த்து"வின் இடத்தில் வந்தது முப்பத்தொன்றாம் எண். அதற்கு நான் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன்: "வரிகள் குறைகின்றன. இயந்திரத்தை ஓட்டாதீர்கள்."

வரதன் அதை வாய்விட்டுப் படித்தார்.

"ஓட்டாதீர்கள்னு யார் சொல்றா சார்? கம்ப்யூட்டரா, கம்பெனியா?"

"எச்சரிக்கை சார், அது."

"எச்சரிக்கைன்னா நம்ம முறையில ஆபத்து இருக்குன்னு நாமளே ஒத்துக்கற மாதிரி ஆயிடுமே. 'வரிகள் குறைகின்றன'ன்னா, குறைச்சது யாருன்னு கேள்வி வரும்." பென்சில் நகர்ந்தது. "'பணி முழுமையடையவில்லை.' இது போதும். உண்மைதானே?"

உண்மைதான்.

"அடுத்தது, 'மேற்பார்வையாளரை அணுகவும்.' இதையும் எல்லாத்துக்கும் பொதுவா வெச்சுடலாம். ஆபரேட்டர் முடிவெடுக்கக்கூடாது பாருங்க."

"சார், முந்தின ஷிப்டுக்காரர் லாக்-அவுட் பண்ணாம, பேரை மூடாம போயிருந்தாகூட ஒரு செய்தி வரும். ஏழாம் நம்பர். ஷிப்டு மாறும்போதெல்லாம் வரும். அதுக்கும் சூப்பர்வைசரைக் கூப்பிடணுமா?"

"கூப்பிடட்டுமே. ஒழுங்கு வரும்."

இப்படியே பட்டியல் முழுவதும் போயிற்று. "தவறு" என்ற சொல் எங்கேயும் இல்லை. ஆச்சரியக்குறி இல்லை. பெரிய எழுத்து இல்லை. திரையின் ஒரு வரியைத் தாண்டிய செய்தி இல்லை. கடைசியில் மிஞ்சியது இதுதான்:

அனுப்பு: பாகம் இன்னது: பணி முழுமையடையவில்லை: மேற்பார்வையாளரை அணுகவும்: 31.

ஏழுக்கும் இதே வரிதான். முடிவில் 31க்குப் பதிலாக 7. அவ்வளவே வித்தியாசம். எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்ற அட்டவணையைப் பிளாஸ்டிக் உறைபோட்டுச் சுவரில் ஒட்டினோம்.

இன்னும் இரண்டு மாற்றங்கள் நடந்தன. இரண்டும் தொழில்முறைப்படி சரியானவை என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒன்று, எந்தப் பிழை வந்தாலும் நிரல் அந்த வரியைக் காட்டிவிட்டு அங்கேயே நின்றுவிட வேண்டும். பழைய நிரல் காட்டிவிட்டுத் தொடர்ந்து போகும். இன்னொன்று, பிழைச் செய்தி எங்கே போகிறது என்பது. ஒரு நிரலுக்குப் பேச இரண்டு வாய்கள் உண்டு. ஒன்று வேலையின் விளைவைச் சொல்ல. மற்றது பிழையைச் சொல்ல. பழைய நிரல் எல்லாவற்றையும் முதல் வாயாலேயே சொன்னது. அந்த வாயிலிருந்து வருவதைத்தான் ஒவ்வொரு திரைக்கும் பக்கத்திலிருந்த அச்சுப்பொறி தாளில் பதிவு செய்யும். ஷிப்டு முடிவில் மேற்பார்வையாளர் கையெழுத்திடுவார். புதிய நிரல் பிழையை இரண்டாம் வாயால் சொன்னது. அது திரைக்கு மட்டும் போகும். தாளுக்கு வராது. வரிகள் அனுப்பி முடிந்ததும் அச்சாகும் ஒரே சொல்தான் தாளில் நிற்கும்.

தாள்கள் திடீரென்று சுத்தமாகிவிட்டன. அனுப்பப்பட்டது, அனுப்பப்பட்டது, அனுப்பப்பட்டது. அடுத்த தணிக்கையில் வரதன் அவற்றை எடுத்துக் காட்டியதை நான் பார்த்தேன்.

பிழைகளையும் தனியாக ஒரு கோப்பில் சேமித்து வைக்கலாம், ஒரு வரி வேலைதான் என்று அவரிடம் கேட்டேன். கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "சேமிச்சு வெச்சா கேப்பாங்க சார். கேட்டா குடுக்கணும்."

ஆலைக்குள் என்ன நடந்தது என்பதை யாரும் ஊகிக்கலாம். முதல் இரண்டு வாரம் ஆபரேட்டர்கள் ஒவ்வொரு வரிக்கும் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டார்கள். மேற்பார்வையாளர் செல்வராஜ் விருதுநகர்ப் பக்கத்துக்காரர். கெட்டவர் அல்ல. ஒரு கூடத்தில் பதினெட்டு இயந்திரங்கள், ஒரே ஆள்.

"ஏப்பா, எல்லாத்துக்கும் என்னையவே கூப்புட்டா நான் என்ன நாலு ஆளா? அந்தா சுவத்துல ஒட்டியிருக்குல்ல, பாரு. ஒண்ணும் இல்லேன்னா தட்டிட்டு ஓட்டு. எல்லாம் ஏழாந்தான் வரும்."

இதை என் காதால் கேட்டேன், ஒருமுறை அல்ல. சுவரில் ஒட்டிய அட்டவணையில் எண்ணெய்க் கை பட்டுப்பட்டு எழுத்துகள் மறைந்தன. புதியது ஒட்டினோம், அதுவும் மறைந்தது. ஜாபர் ஒருநாள் என்னிடம் வந்து, "சார், அந்த ஹோய்த்துவ திருப்பிக் குடுங்க சார். இந்தப் புதுசு எல்லாம் ஒரே மூஞ்சியா கீது. எவன் அண்ணன், எவன் தம்பின்னு தெரியல" என்றார். மேலே சொல்கிறேன் என்றேன். சொன்னேன். மேலேயே இருந்துவிட்டது.

2006 தொடக்கத்தில், இரண்டாம் ஷிப்டு ஆரம்பித்த சற்று நேரத்தில், எங்கள் அறைக் கண்ணாடி அதிர்ந்தது. ஓடிப்போய்ப் பார்த்தபோது ஒன்பதாம் இயந்திரத்தின் சுழல்தண்டு கோணிக்கொண்டு நின்றது. கூட்டைப் பிடித்திருந்த இரும்புப் பிடி பிளந்திருந்தது. இயந்திரத்தின் முன்னால் முனிரத்னம் இரண்டு கைகளையும் மார்போடு சேர்த்துக்கொண்டு நின்றிருந்தான். யாருக்கும் அடிபடவில்லை.

முனிரத்னத்துக்கு ஊர், பக்கத்திலிருக்கும் பேரிகை. வீட்டில் தெலுங்கு. ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தத்தில் இருந்துவிட்டு முந்தின ஆண்டுதான் நிரந்தரமானவன். அந்த உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டுதான் தங்கைக்கு மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். கர்நாடகப் பக்கம், மாலூரில் சம்பந்தம். பையன் வீட்டார் கேட்ட முதல் கேள்வியே "அண்ணனுக்கு கம்பெனியில பெர்மனென்ட்டா?" என்பதுதான் என்று அவனே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறான்.

இயந்திரத்தின் நினைவகத்தைப் படித்துப் பார்த்தோம். கருவியைத் தூக்கும் வரி இல்லை. தாளை எடுத்துப் பார்த்தார்கள். "அனுப்பப்பட்டது" என்றிருந்தது, வேறொன்றும் இல்லை. இதிலிருந்து நிர்வாகம் ஒரு முடிவுக்கு வந்தது. வரிகள் முழுமையாகப் போயிருக்கின்றன; ஆகவே அந்த வரியை இயந்திரத்தில் அழித்தது ஆபரேட்டர். சில ஆபரேட்டர்கள் வேலை சீக்கிரம் முடிய வேண்டுமென்று ஒன்றிரண்டு வரிகளை அழித்து ஓட்டுவது உண்டு. ஆலையில் அதற்கு "வரி கடிக்கிறது" என்று பெயர். முனிரத்னம் வரி கடித்தான் என்று குற்றப்பத்திரிகை கொடுத்தார்கள். நிரூபணமானால் வேலைநீக்கம்.

உள்விசாரணை, உணவுக்கூடத்தின் மேல்மாடியில் பயிற்சி அறையில் நடந்தது. விசாரணை அதிகாரியாக வெளியிலிருந்து ஒரு வழக்கறிஞரை நியமித்திருந்தார்கள். முனிரத்னத்துக்குத் துணையாகப் பேச ஜாபர் உட்கார்ந்தார். என்னைச் சாட்சியாக அழைத்தது நிர்வாகம்தான். தாள் உண்மையானது என்று சொல்வதற்காக.

முனிரத்னத்தை முதலில் கேட்டார்கள்.

"நான் வரி கடிக்கல சார். அனுப்பும்போதே ஸ்க்ரீன்ல ஒரு வரி வந்துச்சு."

"தாளில் இல்லையே?"

"பேப்பர்ல வராது சார், எப்பவுமே. ஸ்க்ரீன்லதான் வரும்."

"அப்படியென்றால் தாள் பொய் சொல்கிறதா?"

"எனக்குத் தெரியல சார். நான் பாத்தேன்."

அதிகாரி என் பக்கம் திரும்பி, இந்தத் தாளில் பிழைச் செய்தி ஏதும் இருக்கிறதா, ஆம் அல்லது இல்லை என்று கேட்டார். முந்தின நாள் வரதன் என்னிடம் சொல்லியிருந்தார்: "கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க சார். அதுதான் சாட்சிக்கு மரியாதை."

"இல்லை. ஆனால் தாளில் வரவும் வராது" என்றேன். இரண்டு வாய்களைப் பற்றிச் சொன்னேன். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். நேரில் செய்து காட்ட முடியுமா என்றார். முடியும் என்றேன்.

பராமரிப்பு அறையில் சோதனைக்கென்று ஓர் இயந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியும் திரையும் அச்சுப்பொறியும் இருந்தன. எல்லோரும் அங்கே வந்தார்கள். வரதன் கடைசியில் கதவோரம் நின்றார். நான் கட்டளையைத் தட்டிவிட்டு, வரிகள் போய்க்கொண்டிருக்கும்போது கேபிளை லேசாக ஆட்டினேன். திரையில் வந்தது: பணி முழுமையடையவில்லை: மேற்பார்வையாளரை அணுகவும்: 31. அச்சுப்பொறி கீச்சிட்டு ஒரு வரி துப்பியது: அனுப்பப்பட்டது. தாளைக் கிழித்து அதிகாரியிடம் கொடுத்தேன்.

ஜாபருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தீங்களா சார்! எங்க பையன் பொய் சொல்லல சார்!" முனிரத்னம் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

அதிகாரி தாளையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு, மிகவும் சாந்தமாக, முனிரத்னத்தைக் கேட்டார்.

"அன்றைக்கும் இந்த வரி வந்ததா?"

"வந்துச்சு சார்."

"இதே வரியா?"

"இதே மாதிரிதான் சார்."

"பணி முழுமையடையவில்லை என்று இருக்கிறது. மேற்பார்வையாளரை அணுகவும் என்றும் இருக்கிறது. அணுகினீர்களா?"

என் கை இன்னும் அவன் கைக்குள் இருந்தது. அவன் விட்டுவிட்டான்.

"எல்லாரும் தட்டிட்டு ஓட்டறதுதான் சார். சூப்பர்வைசரே அப்படித்தான் சொல்லிகிறாரு."

செல்வராஜை அழைத்தார்கள். அவர் யாரையும் பார்க்காமல், தன் தொப்பியைப் பார்த்துச் சொன்னார்: "நான் அப்படி ஒருநாளும் சொன்னதில்லைங்க சார். செய்தியைப் படிச்சு நடக்கணும்னுதான் சொல்லியிருக்கேன்."

"அண்ணா!" என்றான் முனிரத்னம். அவ்வளவுதான் சொன்னான்.

நான் குறுக்கிட்டேன். அவர் அப்படிச் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன் என்றேன்.

"அன்றைக்குச் சொன்னாரா?" என்று கேட்டார் அதிகாரி.

"அன்றைக்கு நான் அந்த இடத்தில் இல்லை."

அதை மட்டும் எழுதிக்கொண்டார்.

அறிக்கை வந்தது. வரியை அழித்தான் என்ற குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. எச்சரிக்கையைப் பார்த்தும் இயந்திரத்தை இயக்கினான் என்பது, அவன் சொந்த வாக்குமூலத்தாலும் கணினிப் பிரிவுச் சாட்சியின் செயல்விளக்கத்தாலும் நிரூபிக்கப்பட்டது. எந்தச் சொல் கூடாது என்று எங்கள் மேசையில் என் வரியைப் பென்சிலால் அடித்தார்களோ அதே சொல்லை, எச்சரிக்கை என்று, அந்த அறிக்கையில் படித்தேன். முனிரத்னத்தை வேலையிலிருந்து நீக்கினார்கள். மாலூர்க்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

வரதன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். "நீங்க உண்மையத்தான் சொன்னீங்க சார். நான் பாராட்டறேன்" என்றார். கிண்டல் அல்ல. அவர் கிண்டல் செய்கிறவர் அல்ல.

உணவுக்கூடத்தில் ஜாபர் தட்டை எடுத்துக்கொண்டு என் மேசையைத் தாண்டிப் போனார். நான் கூப்பிட்டேன். நின்று, திரும்பாமலே சொன்னார்: "ஒங்க தப்பு இல்ல சார். நாங்க வரி கடிச்சோம்னே ஒத்துக்கினு இருந்தா, சஸ்பென்ஷனோட போயிருக்கும்." அது சரியா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதற்குப்பின் அவர் என்னோடு விளையாடிப் பேசியதில்லை.

அறிக்கை வந்த சில வாரங்களுக்குப் பிறகுதான் அது எனக்கு உறைத்தது. நான் கேபிளை ஆட்டினேன். ஆகவே 31 வந்தது. அன்றைக்கு முனிரத்னத்துக்கு வந்தது 31தான் என்று யார் சொன்னது? ஷிப்டு அப்போதுதான் மாறியிருந்தது. ஷிப்டு மாறும்போது வழக்கமாக வருவது 7. முந்தின ஆள் தன் பெயரை மூடாமல் போனால் வரும், ஒன்றுமில்லாத ஏழு. நிரல் முதலில் வரிகளை அனுப்பும். பிறகு முந்தின ஆளின் பெயரைப் பார்க்கும். அதற்கும் பிறகுதான் ஒப்பிட்டுப் பார்க்கும். புதிய விதிப்படி, எந்தப் பிழை வந்தாலும் நிரல் வரியைக் காட்டிவிட்டு நின்றுவிடும். அப்படியானால், 7 வந்த இடத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பதே நடந்திருக்காது.

பராமரிப்பு அறைக்குத் தனியாகப் போனேன். ஒரு பெயரை மூடாமல் விட்டு, கட்டளையைத் தட்டி, கேபிளையும் ஆட்டினேன். நடுவில் வரி விழுந்தது. திரையில் வந்தது 7. நிரல் நின்றது. விழுந்த வரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அதேதான்.

அதாவது, அன்றைக்கு வந்தது 7 என்றால் முனிரத்னம் எந்த எச்சரிக்கையையும் மீறவில்லை. அவனுக்கு எச்சரிக்கையே வரவில்லை. எல்லோரும் தினமும் தட்டிவிட்டு ஓட்டும் வரியைத் தட்டிவிட்டு ஓட்டினான்.

இதை எழுதி வரதனிடம் கொடுத்தேன். கடிகாரத்தைக் கழற்றினார், இரண்டு முறை படித்தார், இம்முறை எதையும் அடிக்கவில்லை.

"சரியாத்தான் இருக்கு. இதை உடனே சரிபண்ணச் சொல்லிடறேன்."

"முனிரத்னம் விஷயம் சார்?"

"விசாரணையில அவர் எண் எதையும் சொல்லலையே."

"யாரும் கேக்கலையே சார். நானும் கேக்கல."

"அப்ப அது பதிவுல இல்ல" என்றார், பென்சிலைக் கீழே வைத்தபடி.

நிரல் அந்த மாதமே திருத்தப்பட்டது. செய்தியின் வடிவம் மாறவில்லை. செல்வராஜ் வேறு ஆலைக்குப் போனார். வரதன் பதவி உயர்ந்து தலைமையகம் போனார். நான் அங்கேயே இருந்து ஓய்வு பெற்றேன்.

முனிரத்னத்தை 2008 மழைக்காலத்தில் ஒருமுறை பார்த்தேன். பேரிகைச் சாலையில் ஒரு ரோஜாப் பண்ணையின் வாசலில், பூப்பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு வந்தான். நல்ல விதமாகவே பேசினான். தங்கைக்கு அந்த வருஷம்தான் முடிந்ததாம், சூளகிரிப் பக்கம்.

"கேஸ் போடலியா?" என்று கேட்டேன்.

"யாருகிட்ட போய் நிக்கிறதுண்ணா? நீங்களே மெஷின்ல போட்டுக் காட்டிட்டீங்க. அதுக்கு மேல வக்கீல் என்னா பேசுவான்?"

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னான். நான் கண்டுபிடித்ததை அவனுக்குச் சொன்னேன். ஏழு, முப்பத்தொன்று, நிரல் நின்றுவிடுவது, எல்லாம். கேட்டுக்கொண்டிருந்தான். வண்டி ஓட்டுநர் ஹாரன் அடித்தான். "ஆய்த்து, பந்தே!" என்று, முடிந்தது, வந்துவிட்டேன் என்பதைக் கன்னடத்தில் அவனிடம் கத்திவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"முனிரத்னம், நல்லா யோசிச்சுச் சொல்லு. அன்னைக்கு அந்த வரியோட கடைசியில என்ன நம்பர் இருந்துச்சு?"

அவன் வண்டியின் பக்கம் நகர்ந்தான்.

"நம்பரா? அத எவண்ணா பாத்தான்? எல்லா வரியும் ஒண்ணாத்தானே இருந்துச்சு."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

ஒன்பதாம் இயந்திரத்தின் பக்கத்திலிருந்த அந்தக் கணினி பிறகு பழைய சாமான்களோடு கழிக்கப்பட்டது. திரைக்குப் போன வரி எங்கேயும் பதிவாகவில்லை. பார்த்த ஒரே ஆளுக்கு நினைவில்லை. முந்தின ஷிப்டில் அங்கே வேலை செய்தவர் தன் பெயரை மூடிவிட்டுத்தான் போனேன் என்று நான் பின்னால் விசாரித்தபோது சொன்னார்; அவரும் அப்படிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆகவே, அன்று திரையில் வந்த எண் 7ஆ, 31ஆ என்பது இதை எழுதும் இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.